மான்டி கிறிஸ்டோ: ஆல்பர்ட்டை மகனாக்கியது சரியா?

பழையபுத்தகம்: 2002ல வந்த மான்டி கிறிஸ்டோ படத்தை நேத்து மறுபடி பார்த்தேன், ஜிம் கேவிசல் நடிச்சது. நண்பன் ஃபெர்னாண்டே காட்டிக்கொடுத்து தீவுச் சிறைக்குப் போன மாலுமி டான்டெஸ், பணக்காரக் கவுண்ட்டா, அதாவது பிரபுவா, திரும்பி வந்து பழிவாங்கற கதை. அந்த முடிவு இன்னமும் தொண்டையில முள்ளா நிக்குது. எதிரி ஃபெர்னாண்டோட பிள்ளை ஆல்பர்ட், உண்மையில டான்டெஸோட மகனாம்! ஃபெர்னாண்டைக் கட்டிக்கிட்ட பழைய காதலி மெர்சிடஸும் திரும்பக் கிடைச்சிடறா. டூமா 1844ல தொடரா எழுத ஆரம்பிச்ச நாவல்ல இதெல்லாம் ஏது?

கடைசிவரிசை: ஆயிரம் பக்க நாவல் சார், ரெண்டேகால் மணி நேரப் படம். எதையாவது வெட்டித்தான் ஆகணும். அந்த சதுரங்க ராஜா காயைக் கவனிச்சீங்களா? நட்புல கைமாறின காய், கடைசியில பழியோட ஃபெர்னாண்டுகிட்டயே போகுது. அதுக்கு ஒரு விசில்!

பழையபுத்தகம்: காய் நல்லாத்தான் இருக்கு. ஆனா கதையோட உயிரை வெட்டிட்டாங்களே. நாவல்ல டான்டெஸைச் சிறைக்கு அனுப்பின அரசு வக்கீல் வில்ஃபோர்ட்டோட மனைவி சொத்துக்காக ஒவ்வொருத்தரா விஷம் வைக்கிறா. அவகிட்ட விஷத்தைப் பத்திப் பேசி ஆசை காட்டினதே கவுண்ட்தான். மாட்டினதும் தன் சின்னப் பையன் எட்வர்டுக்கும் கொடுத்துட்டுச் செத்துப்போறா. வில்ஃபோர்ட் கவுண்ட்டை இழுத்துட்டுப் போய் ரெண்டு பிணத்தையும் காட்டி, இப்ப திருப்தியான்னு கேக்கறான். கவுண்ட் பையனைத் தூக்கிட்டு ஓடறான், எப்படியாவது பிழைக்க வைக்கலாம்னு. நடக்கலை. கடவுள் தன் பக்கம்னு இருந்தவன் முதல்முறையா ஆடிப்போற இடம் அது. படத்துல வில்ஃபோர்ட்டைப் பிடிச்சிட்டுப் போறாங்க, அவ்ளோதான்.

நடுவழி: 2024 பிரெஞ்சுப் படம் பார்த்தீங்களா? பியர் நினே நடிச்சது, மூணு மணி நேரம். அதுலயும் எட்வர்டு இல்லை. ஆனா பழிக்காக கவுண்ட் வளர்த்த ஆந்த்ரே சாகிறான். டான்டெஸ் கடைசியில தனியாத்தான் கப்பல் ஏறறான்.

பழையபுத்தகம்: அது நியாயம். வேற பிள்ளையை வச்சாலும் அதே வலி இருக்கு.

கடைசிவரிசை: சரி, எட்வர்டு விஷயத்தை ஒத்துக்கறேன். ஆல்பர்ட் மகனா இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு?

பழையபுத்தகம்: நாவல்ல மெர்சிடஸ் ராத்திரி வந்து கெஞ்சறா. டூயல்ல, அந்த ஒத்தைக்கு ஒத்தை சண்டையில, எதிரி மகனை விட்டுட்டுத் தானே சாகத் துணியறான் கவுண்ட். ரத்த சொந்தம் கிடையாது. தன் மகனை விடறதுல என்னங்க பெருமை?

கடைசிவரிசை: அத்தனை வருஷம் இருட்டறையில கிடந்தவன். ஒரு பிள்ளை கிடைச்சிட்டுப் போகட்டுமே சார், விடுங்க!