பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை: வாயைத் திறந்தால் கை தடம் மாறுகிறது

நாலுகம்பி:
அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிறிய சபையில் ஆறு ஆண்டுகளாகப் பேஸ் கிட்டார் (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் நான்கு கம்பிக் கிட்டார்) வாசிக்கிறேன். எங்களுக்குப் பாடிக்கொண்டிருந்த அண்ணன் வேலை கிடைத்து மஸ்கட் போய்விட்டார். மிச்சம் கீபோர்டு, டிரம்ஸ், நான். மூவரில் தொண்டை உள்ளவன் நான்தான் என்று பாடும் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தனியாகப் பாடினால் குறையில்லை. தனியாக வாசிக்கச் சொன்னால் தூக்கத்திலும் வாசிப்பேன். இரண்டையும் சேர்த்தால்தான் வம்பு. பாட்டு நான்கு எண்ணிக்கைத் தாளம், மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 92 அடி. பல்லவியின் முதல் சொல்லைத் தொட்டவுடன் வலது கை அந்தச் சொல்லோடு சேர்ந்து கம்பியை மீட்டிவிடுகிறது. டிரம்ஸ் வாசிக்கும் தம்பி தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கிறான். போதாக்குறைக்குப் பாடும்போது சுருதியும் சற்று இறங்குகிறதாம். கீபோர்டு அண்ணன் சொல்கிறார்.

சாதாரண கிட்டாரில் இதே பாட்டைப் பாடிக்கொண்டே வாசிக்கிறேன். பேஸில் மட்டும் ஏன் வரவில்லை? இரண்டு வாரமாகத் தினமும் முக்கால் மணி நேரம் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பழைய ஆம்ப்:
கிட்டாரில் வலது கை ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. தாளம் அந்த ஆட்டத்திலேயே இருப்பதால் பாட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பேஸ் அப்படியன்று. அடிக்கும் இடமும் உண்டு, சும்மா இருக்கும் இடமும் உண்டு, அதற்கென்று தனி மெட்டும் உண்டு. ஒரே ஆள் இரண்டு பாட்டுப் பாடுகிற கதை.

மருந்துக்கு முன் நோய் எங்கே என்று தெரிய வேண்டும். முதலில் சொற்களை விட்டுவிட்டு 'லா லா' என்று மெட்டை மட்டும் பாடிக்கொண்டு வாசியுங்கள். அடுத்து மெட்டை விட்டுவிட்டு, சொற்களைத் தாளத்தோடு பேசிக்கொண்டு வாசியுங்கள். கடைசியாக, பாடவே வேண்டாம். வாசித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் நிற்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். எதில் உடைகிறது, எந்தச் சொல்லில் உடைகிறது என்று எழுதுங்கள். 'பாட்டு முழுவதும்' என்று மட்டும் எழுதாதீர்கள். முழுவதும் உடைகிற பாட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

கட்டைவிரல்:
இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? எல்லாம் பழக்கம்தான். பீட்டில்ஸ் குழுவில் 1961இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகிய பிறகுதான் பால் மெக்கார்ட்னி பேஸுக்கு வந்தார், அவர் பாடவில்லையா? கிரீம் குழுவின் ஜாக் புரூஸ், போலீஸ் குழுவின் ஸ்டிங், ரஷ் குழுவின் கெடி லீ ஆகிய மூவருமே மூன்று பேர் மட்டும் உள்ள குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டு பாடியவர்கள். கெடி லீ அதோடு நிற்காமல் காலால் சிந்தசைசர் பெடலையும் மிதித்தார். நீங்களும் மூவர்தானே? ஆயிரம் முறை வாசியுங்கள், வந்துவிடும்.

பழைய ஆம்ப்:
இரண்டு வாரமாக அவர் செய்வதே அதுதானே, ஐயா.

நாலுகம்பி:
அண்ணா, சோதித்துவிட்டேன். பேச்சுக் கொடுத்தால் கை நிற்கவில்லை. வாசித்துக்கொண்டே அம்மாவுக்கு மளிகைப் பட்டியலை முழுவதும் ஒப்பித்தேன். 'லா லா'வில் உடைகிறது. சொற்களைத் தாளத்தோடு பேசினாலும் உடைகிறது. இரண்டும் ஒரே இடத்தில்தான்: பல்லவியின் முதல் சொல், இரண்டாம் வரியின் முதல் சொல். சரணத்தில் தொல்லையில்லை. அதன் கடைசியில் பேஸ் ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே இறங்கும் ஓரிடம் மட்டும் குளறுகிறது.

பழைய ஆம்ப்:
அப்படியானால் சொல்லும் குற்றவாளியில்லை, மெட்டும் குற்றவாளியில்லை. வாய் நுழைகிற நேரம்தான் கோளாறு. அந்த இரண்டு வரிகளும் தாளத்தின் அடியிலேயே தொடங்குகின்றனவா, தள்ளியா?

நாலுகம்பி:
தள்ளித்தான். அடி விழுந்து அரை எண்ணிக்கை கழித்து.

வீணைக்காரி:
தம்பி, நான் வீணை வாசிப்பவள். வாசித்துக்கொண்டே பாடுவது எங்களுக்கு வழக்கம்தான். ஆனால் வீணையில் விரலும் வாயும் ஒரே மெட்டில் போகும் என்பதால் அந்த அனுபவம் உங்களுக்கு உதவாது. உதவப்போவது கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடிய அனுபவம். சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், தொடங்காமல் தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) வைத்த கீர்த்தனை வந்தால் புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் கை சொல்லோடுதான் ஓடும். என் கையும் ஓடியது. பாட்டு வாத்தியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரே தாளம் போடுவார். பாடுவது மட்டும் நான்.

பேஸைக் கீழே வைத்துவிடுங்கள். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு 'தகதிமி' சொல்லி, 'த' வரும்போதெல்லாம் தொடையில் தட்டுங்கள். மெட்ரோனோம் 60 போதும். சற்றுப் பிடிபட்டதும் 'தக'வை மனத்துக்குள் விழுங்கிவிட்டு 'திமி'யை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். தட்டு நிற்கக் கூடாது. பிறகு 'தி' இருந்த இடத்தில் பாட்டின் சொல்லை வையுங்கள். 'நன்றி' என்று தொடங்குவதாக வைத்துக்கொண்டால் தட்டு முதலில், 'நன்' தனியாக, அடுத்த தட்டும் 'றி'யும் ஒன்றாக. 'கை, வாய், இரண்டும்' என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை என்று பிரித்து வைத்திருப்பதால்தான் ஒன்று மற்றொன்றை இழுக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே ஜதியாக (தாளச் சொற்கட்டாக) மனப்பாடம் செய்யுங்கள்.

அது வந்த பிறகு பேஸை எடுங்கள். அப்போதும் ஃப்ரெட் (கழுத்திலுள்ள உலோகக் கட்டு) எதையும் அழுத்த வேண்டாம். ஏ (A) கம்பி ஒன்று மட்டும், 'த'வில் ஓர் அடி. முன்னால் ஓர் ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) வாசித்துவிட்டு அந்த ஒரு சொல்லைப் பாடி நிறுத்துங்கள். பாட்டைத் தொடர வேண்டும் என்று ஆசை வரும். தொடராதீர்கள். உங்களுடைய உண்மையான வாசிப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அதற்கு முன் வரியைக் காகிதத்தில் எழுதி, கை விழும் எழுத்துகளுக்கெல்லாம் அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒலிப்பெட்டி:
சுருதி இறங்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே. பேஸின் கடைசிக் கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்தது 55. மேடையில் உங்களுக்கே கேட்பதற்காக வைக்கும் சிறிய மானிட்டர் பெட்டிகளால் அதை ஒழுங்காக எழுப்ப முடியாது. எழுப்பினாலும் அவ்வளவு கீழே கேட்கும் ஒலியைப் பிடித்துக்கொண்டு பாடுவது கடினம். உங்கள் மானிட்டரில் பேஸைக் குறைத்து, கீபோர்டின் நடு ஸ்தாயியை ஏற்றச் சொல்லுங்கள். மைக்கை வளையும் ஸ்டாண்டில் மாட்டி இடப்பக்கமாகச் சற்றுத் தள்ளி வையுங்கள். ஃப்ரெட்டைப் பார்க்கத் திரும்பினாலும் வாய் மைக்கை விட்டு விலகாது. தோளில் மாட்டும் ஸ்ட்ராப்பையும் கொஞ்சம் ஏற்றுங்கள். குனிந்து நின்றால் மூச்சு எங்கிருந்து வரும்?

நாலுகம்பி (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, 60 எனக்கு ஒத்துவரவில்லை. சொல் எப்போது வரும் என்று காத்திருந்தே மூச்சு முடிந்தது. 72இல் தொடங்கினேன், அது நடந்தது. முதல் நான்கு நாள் பேஸைத் தொடவேயில்லை. பஸ்ஸில் பை மேல் தட்டிக்கொண்டு வந்தேன்; பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். ஏ கம்பியில் ஒற்றை அடியும் ஒற்றைச் சொல்லும் ஏழாம் நாள் சேர்ந்தன. உண்மையான வாசிப்பை வைத்தபோது மறுபடி உடைந்தது. கோடு போட்ட காகிதத்தைப் பார்த்தால், முதல் வரியில் கையும் வாயும் சேர்ந்து விழும் எழுத்துகள் மூன்றே மூன்று. அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டதும் இடைப்பட்டவை தாமாக வந்து உட்கார்ந்தன. சென்ற ஞாயிறு 88இல் பல்லவி முழுவதும் பாடிவிட்டேன். டிரம்ஸ் தம்பி திரும்பவில்லை.

மானிட்டரை மாற்றியதில் சுருதி இறங்குவதும் நின்றுவிட்டது.

சரணத்தின் கடைசியில் பேஸ் இறங்கும் இடம் மட்டும் இன்னும் வரவில்லை. அங்கே பாட்டு மேலே ஏறுகிறது, கை கீழே போகிறது. கோடு போட்டும் பயனில்லை.

வீணைக்காரி:
72 நல்ல முடிவு, தம்பி. அந்த இடத்தில் இப்போதைக்கு இறங்காதீர்கள். ஸட்ஜத்தை ('ஸ' ஸ்வரத்தை) மட்டும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கேட்பவர்களின் காது அப்போது உங்கள் குரலில் இருக்கும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கீபோர்டின் இடது கை இறங்கட்டும்.

நாலுகம்பி:
கீபோர்டு அண்ணனிடம் கேட்டேன். ஆறு ஆண்டாக அந்த இடத்தை என்னிடமிருந்து எப்படி வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.