மைனர் லீக்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1903இல் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் லீக் என்ற அடிபந்தாட்டத் (பேஸ்பால்) தொடரின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அது ஒரு 'மைனர் லீக்', அதாவது 'மேஜர் லீக்' என்ற உச்ச நிலைக்குக் கீழ்ப்படியில் இருப்பது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அப்படியே 'மைனர் லீக்' என்று எழுதிவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். லீக் என்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஐபிஎல் பார்க்கிற எந்த வீட்டிலும் அந்தச் சொல் தெரியும். 'மைனர்'தான் தொல்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு பொருள் ஊறிப்போயிருக்கிறது. ஒன்று பதினெட்டு வயது நிரம்பாதவர். இன்னொன்று மைனர் செயின் போட்டுக்கொண்டு திரிகிற பணக்கார வீட்டுப் பிள்ளை. இரண்டுமே இங்கே வாசகரைத் தவறான பக்கம் இழுத்துவிடும்.

'இளையோர் லீக்' என்று ஓரிடத்தில் பார்த்தேன். அது தவறு. 1948இல் இந்த லீக்கில் பட்டம் வென்ற ஓக்லண்ட் ஓக்ஸ் அணிக்கு 'ஒன்பது கிழவர்கள்' என்றே பட்டப்பெயர். மேஜர் லீக்கில் ஆடி முடித்துவிட்டு வந்தவர்கள் அதில் பலர். அவர்களை நடத்திய கேசி ஸ்டெங்கல் அடுத்த ஆண்டே மேஜர் லீக் அணியான நியூயார்க் யாங்கீஸின் மேலாளராகி, மேஜர் லீக் பட்டத்துக்கான உலகத் தொடரை வென்றார். இவர்களை இளையோர் என்று எப்படி எழுதுவது?

'சிறு லீக்' என்றால் சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீக்கோடு குழம்பும். 'கீழ்நிலை லீக்' என்று எழுத மனம் வரவில்லை. அந்தச் சொல் ஆட்டத்தின் தரத்தைக் குறைத்துப் பேசுகிறது. 1925இல் சால்ட் லேக் சிட்டி அணிக்காக டோனி லசெரி ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் (நம் சிக்ஸர் போன்ற அடி) அடித்தார். அன்று மேஜர் லீக்கில் இருந்த உச்சம் பேப் ரூத்தின் 59தான். லசெரிக்கு 197 ஆட்டம் கிடைத்தது, ரூத்துக்கு 154 ஆட்டப் பருவம்தான், உண்மை. ஆனால் அவ்வளவு நீண்ட பருவமே இந்த லீக்கின் அடையாளம். கலிபோர்னியாவின் மிதமான வானிலையால் இளவேனிலில் தொடங்கி இலையுதிர் காலம் நெடுக ஆடினார்கள். 1905இல் சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் அணி ஒரே பருவத்தில் 230 ஆட்டம் ஆடியிருக்கிறது. ஊர்களுக்கு நடுவே தூரம் அதிகம் என்பதால் ஓர் அணி இன்னொரு ஊருக்குப் போனால் ஒரு வாரம் தங்கி ஆடும். திங்கட்கிழமை பயணத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம்.

எனக்கு இப்போது தோன்றுவது 'துணைநிலை லீக்'. புதுச்சேரியில் துணைநிலை ஆளுநர் என்கிறோம் அல்லவா, அந்தத் 'துணைநிலை'. தனக்கென்று ஆட்சிப்பகுதி உண்டு, பணி உண்டு, மேலே இன்னோர் அதிகாரமும் உண்டு. இந்த லீக் தொடங்கிய 1903இல் அது யாருடைய ஒப்புதலும் இல்லாமல் நடந்தது. மற்ற லீக்குகள் அதைச் சட்டத்துக்குப் புறம்பானது என்றன. 1904இல்தான் துணைநிலை லீக்குகளின் தேசியக் கூட்டமைப்புக்குள் வந்தது. அதாவது 'மைனர்' என்பது ஆட்டத் திறனைக் குறிக்கும் சொல் அல்ல. ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட படிநிலை.

அடுத்த சொல் இதைவிடக் கடினம்: 'ஃபார்ம் டீம்'. ஒரு மேஜர் லீக் அணி தன் ஆட்டக்காரர்களைப் பயிற்றுவிக்க வைத்திருக்கும் அணி. நேர்ச்சொல்லாகப் பார்த்தால் 'பண்ணை அணி'. நான் 'நாற்றங்கால் அணி' என்று சொல்லிப் பார்க்கிறேன். ஓரிடத்தில் விதைத்து, முளைத்து, வேர் பிடித்தபின் பறித்துக் கொண்டுபோய் வேறு வயலில் நடுவதுதானே இங்கும் நடப்பது.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்

---

தம்பி,

> எனக்கு இப்போது தோன்றுவது 'துணைநிலை லீக்'.

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் அவசரப்படவேண்டாம். நீங்கள் எடுத்துக்கொண்ட லீக்கே இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சான்று என்று நினைக்கிறேன். மேஜர் லீக்கின் மேற்கு எல்லை வெகுகாலம் செயின்ட் லூயிஸ் நகரம்தான். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ 2,500 கிலோமீட்டருக்கும் மேலே. அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு இதுதான் பெரிய லீக். 1946இல் சீல்ஸ் அணியின் ஆட்டங்களுக்கு ஆறு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். மேஜர் லீக் எனப்படும் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் இரண்டோடு தங்களையும் மூன்றாவது மேஜர் லீக்காக அறிவிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அப்படிப்பட்டதைத் துணை என்பதா? 'வட்டார லீக்' என்பது பொருந்தும்.

> நான் 'நாற்றங்கால் அணி' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாற்றங்கால் அழகான சொல். அழகுதான் இங்கே இடிக்கிறது. நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற மேஜர் லீக் அணிக்காக இந்த முறையை வளர்த்தபோது, நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் வேறு அணிக்குப் போகமுடியாது. 1938இல் மேஜர் லீக் ஆணையர் லேண்டிஸ் கார்டினல்ஸின் பிடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார். 'விடுவித்தார்' என்றுதான் அன்றைக்கே எழுதினார்கள். பண்ணையார், பண்ணையாள் என்று நமக்குச் சொற்கள் உண்டு. 'பண்ணை' என்று எழுதினால் தமிழ் வாசகனுக்கு அந்தக் கட்டு சட்டென்று புரியும். நாற்றங்கால் என்றால் அந்த வலி மறைந்துபோகும்.

'லீக்' என்பதற்கும் 'கூட்டிணைவு' என்ற நல்ல சொல் இருக்கிறதே. அதையும் எண்ணிப்பாருங்கள்.

---

ஐயா,

பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

'வட்டார லீக்' பற்றி முதலில். அதை ஏற்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. நீங்கள் சொன்ன செயின்ட் லூயிஸ் எல்லையையே பாருங்கள். நேஷனல் லீக் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஊரைத் தாண்டி மேற்கே போகவில்லை. அப்படியானால் அதுவும் வட்டார லீக்தான். மேஜர் எது, மைனர் எது என்று பிரிக்க 'வட்டாரம்' உதவாது. நிலப்பரப்பில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு யார் யாரிடமிருந்து ஆள் எடுக்கலாம் என்ற உரிமையில் இருந்தது. அந்த உரிமை வேறுபாட்டைத்தான் 'துணைநிலை' சொல்கிறது என்று இன்னும் நம்புகிறேன். மூன்றாவது மேஜர் லீக்காக ஆக்கச் சொல்லி அவர்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கேட்கவேண்டியிருந்தது என்பதே அவர்கள் துணைநிலையில் இருந்ததற்குச் சான்று.

அந்தப் போராட்டத்தில் கிடைத்தது 1952இல் ஒரு தனித் தகுதி. அதற்கு முன் மைனர் லீக்குகளின் உச்சப் படியான டிரிபிள்-ஏ வகுப்பில் இருந்த லீக்கை அதற்கும் மேலே 'ஓப்பன்' என்ற வகுப்பில் வைத்தார்கள். மேஜர் லீக் அணிகள் அதன் ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அந்தத் தகுதியை வேறெந்த லீக்கும் பெறவில்லை. இதைத் 'திறந்தநிலை' என்று எழுதினால் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். 'தனிநிலை' என்று வைத்திருக்கிறேன். துணைநிலை, தனிநிலை, தலைமைநிலை என்று மூன்றும் ஒரே வாய்பாட்டில் அமைவது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. மேஜர் லீக்கைத் தலைமை லீக் என்றாலே போதும்.

அந்தத் தனிநிலை 1957 வரைதான் நீடித்தது. 1958இல் புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்கும், நியூயார்க்கிலிருந்து ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வந்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் ஸ்போகேனுக்கும், சீல்ஸ் ஃபீனிக்ஸுக்கும், ஹாலிவுட் ஸ்டார்ஸ் சால்ட் லேக் சிட்டிக்கும் போகவேண்டியதாயிற்று. ஊர் போனது மட்டுமா, பெயரும் போனது. 1961இல் லாஸ் ஏஞ்சலஸில் புதிதாக வந்த தலைமை லீக் அணி ஏஞ்சல்ஸ் என்றே பெயர் வைத்துக்கொண்டது. 1969இல் சான் டியேகோவில் பாட்ரஸும் அப்படியே. டெட் வில்லியம்ஸ் தன் பதினேழாவது வயதில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கியது பழைய பாட்ரஸில்தான். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

இனி பண்ணையும் நாற்றங்காலும்.

நீங்கள் சொன்ன கட்டு உண்மை. அதை மறைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் பசிபிக் கோஸ்ட் லீக்கின் முதல் முப்பது ஆண்டுகளைப் பார்த்தால் அங்கே பண்ணையார் வெளியூர்க்காரர் அல்ல. 1921 முதல், தலைமை லீக் குறைந்த விலைக்கு ஆள் எடுக்கும் ஏற்பாட்டிலிருந்து இந்த லீக் விலகி நின்றது. அதனால் தான் வளர்த்த ஆட்டக்காரரைத் தன் விலைக்கு விற்க முடிந்தது. 1922இல் சீல்ஸ் அணி வில்லி காம் என்பவரைச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றது. அதற்குமுன் துணைநிலை லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அவ்வளவு விலை கிடைத்ததில்லை. அதே சீல்ஸின் ஜோ டிமாஜியோ 1933இல், பதினெட்டு வயதில், தொடர்ந்து 61 ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு வெற்றிகரமான அடியாவது (ஹிட்) அடித்துக் காட்டினார். அப்புறம் முழங்காலில் அடிபட்டது, பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. யாங்கீஸ் அவரை 25,000 டாலருக்கும் ஐந்து ஆட்டக்காரர்களுக்கும் வாங்கிவிட்டார்கள்.

அதாவது அன்றைய சீல்ஸ் சொந்த நிலத்தில் நாற்று விட்டு விலை பேசி விற்ற உழவர். 1958க்குப் பிந்தைய டிரிபிள்-ஏ அணியோ இன்னொருவர் வயலுக்காக நாற்று விடும் இடம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வரலாறே புரியாமல் போகும். எனவே முந்தையதற்குத் 'தன்னுரிமை அணி', பிந்தையதற்கு 'நாற்றங்கால் அணி' என்று பிரிக்கிறேன். ரிக்கி உருவாக்கிய ஏற்பாட்டைப் பேசுமிடத்தில், அந்த முறைக்கு மட்டும், உங்கள் 'பண்ணைமுறை' என்பதையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே அந்தச் சொல்தான் சரி. லேண்டிஸ் பற்றிய பத்தி இதனால் மிகவும் தெளிவாகிவிட்டது.

கூட்டிணைவு என்பதை மட்டும் இந்தக் கட்டுரையில் தவிர்க்கிறேன், ஐயா. தேசியக் கூட்டமைப்பும் கூடவே வருகிறது. கூட்டிணைவுகளின் கூட்டமைப்பு என்று எழுதினால் வாசகர் களைத்துவிடுவார்.

இன்னொன்று. லீக்கின் பெயரைப் 'பசிபிக் கடற்கரை லீக்' என்று மொழிபெயர்க்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். 1998இல் இந்த லீக் 16 அணிகளாக விரிந்தபோது நாஷ்வில், மெம்ஃபிஸ் வரை போனது. அங்கிருந்து பசிபிக் எங்கே இருக்கிறது? 2021இல் தலைமை லீக் நிர்வாகம் எல்லாத் துணைநிலை லீக்குகளையும் தன் கைக்குள் கொண்டுவந்து, 160 அணிகளை 120 ஆக்கி, இந்தப் பழைய பெயரையும் எடுத்துவிட்டு 'டிரிபிள்-ஏ மேற்கு' என்று வைத்தது. அடுத்த ஆண்டே பழைய பெயர் திரும்பி வந்தது. அந்தப் பெயரில் இப்போது கரை இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. அதனால் ஒலிபெயர்ப்பாகவே விடுகிறேன்.

திருத்திய முதல் பத்தி இப்படி நிற்கிறது:

"பசிபிக் கோஸ்ட் லீக் 1903இல் ஆறு நகரங்களோடு தொடங்கிய துணைநிலை அடிபந்தாட்ட லீக். அதன் அணிகள் நெடுங்காலம் தன்னுரிமை அணிகளாக ஆட்டக்காரர்களை வளர்த்து விற்றன. 1952 முதல் 1957 வரை அதற்குத் தனிநிலை வகுப்பு இருந்தது. தலைமை லீக் அணிகள் மேற்குக் கரைக்கு வந்தபின் அது நாற்றங்கால் அணிகளின் லீக்காயிற்று."

நாற்றங்காலிலிருந்து தலைமை அணிக்கு ஆளை அழைத்துக்கொள்வதை 'நடவு' என்று சொல்லலாமா? திருப்பி அனுப்புவதற்கு இன்னும் சொல் அகப்படவில்லை. பறித்த நாற்றை மறுபடி நாற்றங்காலில் வைக்கும் வழக்கம் உழவில் இல்லையே. இதற்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

அன்புடன்