ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா ஆய்வுக்கு வரிக்குதிரை மீன் பொருந்துமா?

கயல்:
வணக்கம். உயிரித்தொழில்நுட்பத்தில் முதுகலை பயிலும் நான், ஈஒய்எஸ் (EYS) மரபணுவின் பிறழ்வால் வரும் ரெட்டினைடிஸ் பிக்மென்டோசாவை, அதாவது விழித்திரையின் ஒளியுணர் செல்கள் படிப்படியாக அழியும் பரம்பரை நோயை, ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரிக்குதிரை மீனை வைத்துச் செய்யுமாறு வழிகாட்டி கூறுகிறார். மனிதரில் இந்நோய் பெரும்பாலும் மாலைக்கண்ணில் தொடங்குகிறது. அதாவது மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முதலில் அழிகின்றன. மீனோ சேதமடைந்த விழித்திரையை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் என்று படித்தேன். தானே ஆறிவிடும் கண்ணில் ஆறாத நோயை எவ்வாறு ஆராய்வது? சுண்டெலியை வைத்துச் செய்யக் கூடாதா?

ஒளிக்கற்றை:
சுண்டெலியிடம் அந்த மரபணுவே இல்லை. மனிதரிடமும் வரிக்குதிரை மீனிடமும் உள்ள ஈஒய்எஸ், சுண்டெலியிலும் எலியிலும் பரிணாமப் போக்கில் தொலைந்துவிட்டது. ஆகவே உங்கள் வழிகாட்டி மீனைச் சொன்னது செலவைக் கருதி மட்டும் அன்று.

ஆனால் சோதனைக்குரிய வயதைத் தவறாகத் தேர்ந்துவிடாதீர்கள். கருவுற்ற 5ஆம் நாளில் குஞ்சை மெத்தில் செல்லுலோஸ் என்ற கெட்டியான கரைசலில் நகராமல் நிறுத்தி, கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட உருளையை அதைச் சுற்றிச் சுழற்றுவது வழக்கம். பார்வையுள்ள குஞ்சின் கண்கள் ஒரு கோட்டைத் தொடர்ந்து மெல்ல நகர்ந்து, எல்லையை எட்டியதும் வெடுக்கென்று திரும்பி அடுத்த கோட்டைப் பற்றிக்கொள்ளும். பார்க்க அழகான சோதனைதான். எனினும் அந்த வயதில் குஞ்சு ஏறக்குறைய முழுவதும், பகல் ஒளியிலும் நிறத்தைக் காணவும் உதவும் கூம்பு செல்களைக் கொண்டே பார்க்கிறது. குச்சி செல்கள் பார்வைக்குக் கைகொடுக்க மேலும் சில நாள்கள் பிடிக்கும். மேலும் ஈஒய்எஸ் நீக்கப்பட்ட மீன்களில் செல் இழப்பு மாதக்கணக்கில் மெதுவாகவே நிகழ்கிறது. மனிதரில் காண்பதற்கு மாறாக அங்கே கூம்பு செல்கள் முதலிலும் குச்சி செல்கள் பின்னரும் பாதிக்கப்படுகின்றன. இந்த வரிசை மாற்றத்தை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள். தேர்வாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

தொட்டிக்காரன்:
மீண்டும் வளர்வதைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே. கடும் ஒளியாலோ ஊசியாலோ விழித்திரை திடீரெனச் சேதமடைந்தால், மீனின் முல்லர் செல்கள் (விழித்திரையின் நரம்பணுக்களைத் தாங்கும் துணைச் செல்கள்) முதிர்ந்த நிலையிலிருந்து பின்வாங்கிப் பிளவுற்று, புதிய நரம்பணுக்களைத் தருகின்றன. பாலூட்டிகளில் அதே செல்கள் பெரும்பாலும் வடுவாகவே முடிந்துவிடுகின்றன. இதைத் தவிர, மீனுக்கு வாழ்நாள் முழுவதும் புதுக் குச்சி செல்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். எனவே செல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஒருபக்கம் அழிவதும் மறுபக்கம் பிறப்பதும் ஈடுகட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றக்கூடும். மடியும் செல்களையும் பிளவுறும் செல்களையும் தனித்தனியே சாயமிட்டு எண்ணுங்கள்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. குஞ்சின் கண் கருக்காமல் இருக்க, நிறமி உருவாவதைத் தடுக்கும் பிடியூ (PTU) என்ற மருந்து கலந்த நீரில் வளர்த்தேன். பின்னர் கண்ணின் அளவை ஒப்பிட்டபோது, பிறழ்வு இல்லாத குஞ்சுகளின் கண்களும் சிறுத்திருந்தன; அந்த மருந்தே கண்ணைச் சிறிதாக்கும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாத உழைப்பு வீணாயிற்று. அளவெடுக்கப் போகும் குஞ்சுகளைப் பிடியூ இல்லாமல் வளர்ப்பதே நல்லது.

கயல்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் மரபணுவின் செயலைத் தற்காலிகமாகத் தடுக்கும் மார்ஃபோலினோவை விட்டுவிட்டு, மரபணுவையே வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால், பிறழ்வு தலைமுறைதோறும் தொடரும் நிலையான மரபுவழியை உருவாக்குவதே முறை என்று தோன்றுகிறது.

ஒளிக்கற்றை:
ஆம். மார்ஃபோலினோவின் விளைவு சில நாள்களில் மங்கிவிடும். உங்கள் நோயோ பல மாதங்கள் கழித்துத்தான் முகம் காட்டும். முதிர்ந்த மீன்களை வைத்துச் செய்வதால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மீன் வளர்வதற்குள் அந்த ஒப்புதல் கையில் இருக்க வேண்டும்.