கான்ட்ராஸ்டுக்கு ‘எடுப்பு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

திரையில் எழுத்தும் பின்னணியும் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்பதுதான் கான்ட்ராஸ்ட். கம்ப்யூட்டர் தமிழில் அதற்கு ‘மாறுபாடு’ போதும், கிளற வேண்டாம் என்று போன வாரம் இங்கே முடிவுக்கு வந்தோம். நானும் சரி என்றுதான் எழுதினேன். இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன். காரணம், மேலூரில் இருக்கும் என் சித்தப்பா.

அவருக்கு 71 வயது. பத்திரம் எழுதுகிறவர். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கம்ப்யூட்டரைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தது நான்தான். எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று அவரே திரை அமைப்புக்குள் போயிருக்கிறார். அங்கே ‘தெளிவுத்திறன்’ என்று ஒன்று. ரெசல்யூஷன், அதாவது திரையில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு, அதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். தெளிவு கூடினால் நல்லதுதானே? 1366க்கு 768 ஆக இருந்ததை 1920க்கு 1080 ஆக்கிவிட்டார். எழுத்தெல்லாம் பத்தில் மூன்று பங்கு சிறுத்துப்போனது. ‘உயர் மாறுபாடு’ (ஹை கான்ட்ராஸ்ட்) என்றிருந்ததை மட்டும் தொடவே இல்லை. ஏன் சித்தப்பா என்றேன். “மாறுபாடுன்னு போட்டுருக்கு. எதாச்சும் மாறிப்போயி பத்திரத்துல கோளாறாயிட்டா?” என்றார்.

கெடுத்த சொல் வாவென்று கூப்பிட்டிருக்கிறது. உதவியிருக்க வேண்டிய சொல் விரட்டிவிட்டிருக்கிறது.

அந்த வாரம் அவர் அடித்த நகல் ஒன்றில் ‘மேலூர் வட்டம்’ என்பது ‘மேலுர் வட்டம்’ ஆகியிருந்தது. லுவுக்கும் லூவுக்கும் நடுவே ஒரு சின்னச் சுழிதானே. எழுத்து சிறுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளியும் சுழியும்தான். சொந்த ஊர்ப் பெயரையே கோட்டைவிட்டதில் மனிதருக்கு ரொம்ப வருத்தம். 1920ஐ நான் குறைக்கவில்லை. எல்சிடி திரைக்கு அதன் சொந்தப் புள்ளிக் கணக்குதான் பொருந்தும், குறைத்தால் எழுத்தின் ஓரம் கலங்கும். எழுத்தின் அளவை மட்டும் 150 சதவீதம் ஆக்கி, அவர் தொடாத அந்த ‘உயர் மாறுபாட்டில்’ கருப்பில் மஞ்சள் எழுத்து வைத்தேன். புரைக் கண்ணுக்கு வெள்ளைத் திரை கூசும்.

“இப்பத்தான் எழுத்து எடுப்பாத் தெரியுது” என்றார்.

எடுப்பு! மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சுங்குடி எடுக்கப் போனால் கடைக்காரர் வாயில் வரும் அதே சொல். அரக்குச் சேலையில் வெள்ளைப் புள்ளி எடுப்பாக இருக்கும், சந்தன நிறத்தில் அதே புள்ளி எடுக்காது. கான்ட்ராஸ்ட் என்பதும் இதுதானே. சிவப்பும் பச்சையும் மாறுபட்ட நிறங்கள்தான்; ஆனால் ஒளிர்வு ஒன்றாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றை எழுதிப் படிக்க முடியாது. மாறுபாடு இருக்கும், எடுப்பு இருக்காது.

கூட்டுச்சொல்லிலும் வைத்துப் பார்த்தேன். கான்ட்ராஸ்ட் ரேஷியோவுக்கு ‘எடுப்பு விகிதம்’ இடறாமல் வருகிறது. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க வழிசொல்லும் டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறை சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. வெள்ளைமேல் 777777 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் எழுத்து வைத்தால் 4.48:1தான், மயிரிழையில் தோற்கும். விண்டோஸ் 11 ஆங்கிலத்திலேயே ‘ஹை’யை விட்டுவிட்டுக் கான்ட்ராஸ்ட் தீம்ஸ் என்று மாறிவிட்டது. ஆகவே நமக்கும் ‘உயர்’ தேவையில்லை, ‘எடுப்பு நிறங்கள்’ போதும்.

கான்ட்ராஸ்டுக்கு வேறு சொற்களையும் பார்த்தேன். ‘உறழ்வு’ அழகான சொல். ஆனால் சித்தப்பாவிடம் அதற்கு உரை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ‘துலக்கம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாத்திரம் துலக்கிய மாதிரி கண்ணில் நிற்கும். என்றாலும் அது ஒளிர்வோடு குழம்பும், ‘தெளிவு’ விழுந்த அதே குழியில் விழும்.

எடுப்பின்மேல் ஒரு குறை உண்டு, நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மலத்தை ஆள் வந்து அள்ளிப்போன அந்தக் காலத்து எடுப்புக் கக்கூஸ் சிலருக்கு நினைவுக்கு வரும். சித்தி சிரித்தேவிட்டார். அதனால் தனியாக வரும் இடத்தில் ‘நிற எடுப்பு’ என்றே போடலாம்.

மதுரையில் புரை, லென்ஸ், பிரஷர் எல்லாம் டீக்கடைப் பேச்சு. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர். கண்ணுக்குச் சொல் பஞ்சமில்லை, திரைக்குத்தான்.

‘தெளிவுத்திறனை’ என்ன செய்வது? அதற்குப் பதில் ‘பிரிதிறன்’ என்றால், குறைந்தபட்சம் ஆசை காட்டாது. நேரே ‘திரைப்புள்ளி எண்ணிக்கை’ என்றே வைத்துவிடலாமா? வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த இரண்டு புதுச் சொற்களையும் படித்துக்காட்டி, எதைக் கூட்டினால் எழுத்து பெரிதாகும் என்று கேட்டு எழுதுங்கள்.