கொல்லிமலைக்கு எந்த வண்டி?

குழு: ராசிபுரம் வீட்டுச் சொந்தங்கள்

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். ஆடிப்பெருக்குக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவது உறுதி. சனிக்கிழமை காலை ரயிலில் சேலம் வந்துவிடுவேன். சித்தப்பா, உங்கள் காரை எடுத்துக்கொள்ளலாமா? அம்மா, அத்தை, மாமா, சித்தி, கவிதா அக்கா, அக்கா பையன், நான். ஏழு பேர்.

சித்தப்பா: தாராளமாக எடுத்துக்கொள் கார்த்தி. இன்று காலைகூட ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ஒரே சாவியில் எடுத்துவிட்டது. ஏசியும் நன்றாக இருக்கிறது.

முருகேசன் மாமா: மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்கள். வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்து எவ்வளவு நாள் இருக்கும்?

சித்தப்பா: கல்யாணம் காட்சி என்றால்தான் எடுப்பது மச்சான். மற்றபடி ஸ்கூட்டர்தான். 2010 மாடல் என்றாலும் 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. புதுசு மாதிரி வைத்திருக்கிறேன்.

முருகேசன் மாமா: சுத்தமாக வைத்திருப்பீர்கள், தெரியும். ஆனால் இன்ஜின் எடுத்தால் வண்டி போகும் என்று மட்டும்தான் அர்த்தம். நிற்குமா, திருப்பினால் திரும்புமா, ரோட்டைப் பிடிக்குமா என்பது தனி. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே இந்த மூன்றும்தான் நம்மைக் காப்பாற்றும். டயர் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். அதையும் பிரேக் ஆயில் டப்பாவையும் படம் எடுத்துப் போடுங்கள். ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

சித்தப்பா: (3 படங்கள்)

சித்தப்பா: டயரில் 3115 என்று இருக்கிறது. பட்டன், அதாவது டயர் மேல் இருக்கும் வரி, நன்றாக இருக்கிறதே மச்சான்.

முருகேசன் மாமா: 3115 என்றால் 2015-ம் வருடம் 31-வது வாரம் செய்த டயர். பட்டன் இருப்பது உண்மைதான். காருக்குச் சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம். பள்ளத்துக்குள் சின்ன மேடு மாதிரி குறி இருக்கும், ரப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். உங்கள் டயர் அந்தக் கணக்கில் தேறிவிடும். வயதில் தேறாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத்தில் முடி மாதிரி வெடிப்பு தெரிகிறது. ஐந்து வருடம் தாண்டினாலே வருடா வருடம் சோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆனால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதுதான். ஆள் நிறைந்த வண்டி, வெயில் தார்ச்சாலை, 90 கிலோமீட்டர் வேகம். அந்த வெடிப்பு பிளக்க இவ்வளவு போதும். மொட்டை டயரை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மாதிரி டயர்தான் ஏமாற்றும்.

அத்தை: ஐயோ, ஸ்டெப்னியும் அதே வயதுதானே?

முருகேசன் மாமா: ஆமாம். அதையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கார்த்தி: பிரேக் ஆயில் கறுப்பாக இருக்கிறது மாமா. அது பரவாயில்லையா?

முருகேசன் மாமா: அதைத்தான் நான் முதலில் பார்த்தேன் தம்பி. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3, டாட் 4 என்பது ஆயிலின் தர வகை. புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்று தரக்கட்டுப்பாடு இருக்கிறது. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த அளவு 140. டாட் 4 என்றால் 230-லிருந்து 155-க்கு இறங்கும். மலை இறங்கும்போது காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு சக்கரத்தில் சுலபமாக ஏறிவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் மெத்தென்று அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. மேலே ஏறும்போது ஒரு குறையும் தெரியாது. கீழே வரும்போதுதான் தெரியும்.

கார்த்தி: அப்போ ஆயிலை மாற்றினால் போதுமா?

முருகேசன் மாமா: அது மட்டும் போதாது. நின்ற வண்டியில் டிஸ்க் துருப்பிடித்திருக்கும். பின்சக்கர சிலிண்டர் ரப்பர் காய்ந்து கசியும். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வையுங்கள். மெதுவாக உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்த வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்கக் கூடாது.

சித்தப்பா: இதோ செய்து பார்க்கிறேன்.

கவிதா அக்கா: அப்பா, ஆர்.சி. படத்தைப் பார்த்தேன். 2010 மார்ச்சில் பதிவு. சொந்தக் காருக்கு 15 வருடம்தான். 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, படிவம் 25 கொடுத்து, இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். விபத்து ஏதாவது நடந்தால் இதைக் காட்டியே இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுக்கலாம்.

சித்தப்பா: அது கவனத்தில் இல்லை கவி. ஆனால் ஓட்டப்போவது கார்த்திதானே?

கவிதா அக்கா: வக்கீலாகச் சொல்கிறேன் அப்பா. மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் ஓட்டுபவரோடு ஓட்ட விடுபவரும் வருகிறார். வண்டியில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்திருந்தாலும் குற்றம், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றம். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

முருகேசன் மாமா: பணத்தை விடு கவி. எதிரே பைக்கில் குடும்பத்தோடு வருகிறவனுக்கு நம் டயர் வயது எப்படித் தெரியும்? அவன் நம்மை நம்பித்தானே அந்த ரோட்டில் வருகிறான்.

சித்தப்பா: மச்சான், பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

முருகேசன் மாமா: இன்ஜினை நிறுத்துங்கள். இனி எடுக்க வேண்டாம்.

அத்தை: தம்பி, நல்லவேளை இன்றைக்கே தெரிந்தது. கார்த்தி கண்ணு, இந்த வண்டி வேண்டாம்.

கார்த்தி: சரிங்க அத்தை. மாமா, அப்போ உங்கள் காரில் போகலாமா? குட்டியை மடியில் வைத்துக்கொண்டால் ஏழு பேரும் அடங்கிவிடுவோம்.

முருகேசன் மாமா: என் காரும் ஐந்து பேருக்குத்தான் தம்பி. நிற்கும் தூரமும் டயர் தாங்கும் எடையும் அந்தக் கணக்கில்தான். ஏழு பேரை ஏற்றினால் நல்ல வண்டியும் கெட்ட வண்டி ஆகிவிடும், இரண்டு பேருக்கு பெல்ட்டும் இருக்காது. முன் சீட்டில் மடியில் குழந்தை என்ற பேச்சே வேண்டாம். ஏர்பேக் விரிந்தால் குழந்தை முகத்தில்தான் அடிக்கும். நானும் அத்தையும் பஸ்ஸில் வருகிறோம். நீங்கள் ஐந்து பேர் என் காரில் போங்கள். அதில் போன மாதம்தான் பிரேக் ஆயில் மாற்றினேன். வைப்பர் ரப்பரும் புதிது, மலையில் திடீரென்று மழை பிடிக்கும்.

கவிதா அக்கா: குழந்தை சீட்டை நான் கொண்டுவருகிறேன் மாமா. பின்னால் மாட்டிக்கொள்ளலாம்.

கார்த்தி: இறங்கும்போது எந்த கியர் மாமா?

முருகேசன் மாமா: ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது, வளைவில் தேவைப்பட்டால் முதல். பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடு. மேலேயே கால் இருக்கக் கூடாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்காதே. இன்ஜினையும் அணைக்காதே, பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டரின் உதவி கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கருகல் வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி ஆறவிடு. அடிவாரத்தில் காரவள்ளி வந்து சேரும் வரை அவசரமே வேண்டாம்.

கார்த்தி: சரிங்க மாமா. வெள்ளிக்கிழமை இரவு மறுபடியும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

சித்தப்பா: மச்சான், நம் வண்டியை என்ன செய்வது? பட்டறைக்கு நானே மெதுவாக ஓட்டி வந்துவிடட்டுமா?

முருகேசன் மாமா: வேண்டாம் மாப்பிள்ளை. திங்கட்கிழமை ரெக்கவரி வண்டி அனுப்புகிறேன், ஏற்றிவிடுங்கள். பிரேக் வேலை முழுதும் முடித்து, ஐந்து டயரையும் மாற்றிய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாள் வாங்கலாம். சைலன்சரையும் பார்க்கச் சொல்கிறேன். துருவில் ஓட்டை விழுந்திருந்தால் புகை உள்ளே வரும், ஏசி போட்டுத் தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

சித்தப்பா: சரி மச்சான். சாவியைக் கவியிடம் கொடுத்து வைக்கிறேன்.