மூடாக்கு போட்ட பாத்தியில் தக்காளியும் கத்தரியும் மஞ்சளாகின்றன, என்ன குறை?

கத்தரிப்பூ:
வணக்கம். கொத்தாமல், உழாமல் காய்கறி வளர்க்க இந்தப் பருவத்தில்தான் முதன்முறையாக இறங்கியிருக்கிறேன். புல் மண்டிய இடத்தில் அட்டைகளை விரித்து நனைத்தேன். மேலே 7 செ.மீ. அளவுக்கு மக்கு உரம், அதன் மேல் வைக்கோல். அட்டையில் துளை போட்டு நாற்று நட்டு 5 வாரம் ஆகிறது. செடிகள் ஒரு சாண் உயரத்திலேயே நிற்கின்றன. அடி இலைகள் வெளிறி, மஞ்சளாகி, தொட்டால் உதிர்கின்றன. தினமும் காலையில் பூவாளியால் தண்ணீர் விடுகிறேன். அதே பாத்தி ஓரத்தில் விதைத்த பீன்ஸ் மட்டும் கரும்பச்சையாகப் படர்கிறது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஈரக்கை:
முதலில் தண்ணீரைப் பாருங்கள். பூவாளியால் லேசாகத் தெளித்தால் வைக்கோலே அத்தனையையும் குடித்துவிடும். மேலே பளபளவென்று ஈரம் தெரியும், வேர் காய்ந்து கிடக்கும். எனக்கு ஒரு பருவமே அப்படிப் போனது. வைக்கோலை விலக்கி விரலை முழுசாக மண்ணுக்குள் விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

கத்தரிப்பூ:
பார்த்தேன் அண்ணா. அட்டைக்குக் கீழேயும் ஈரம் இருக்கிறது. ஆனால் தோண்டும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. மண் பொலபொலவென்று இருக்கட்டும் என்று ஒவ்வொரு நடவுக் குழியிலும் இரண்டு கை மரத்தூள் கலந்திருந்தேன். அது இன்னும் அப்படியே மஞ்சளாகக் கிடக்கிறது.

மண்புழு:
அங்கேதான் சிக்கல். மரத்தூளில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) சில நூறு பங்கு. அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குச் சுமார் 25 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து என்ற அளவில் சாப்பாடு வேண்டும். குறைகிற தழைச்சத்தை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கின்றன. செடிக்கு மிச்சம் இல்லை. தழைச்சத்து குறைந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து உருவி இளங்குருத்துக்குக் கொடுக்கும். அதனால்தான் அடி இலை முதலில் மஞ்சளாகிறது. குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்திருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகித்திருப்பேன்.

உங்கள் பீன்ஸ் பெரிய சாட்சி. வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால் அது தப்பித்துவிட்டது. இன்னொன்றையும் அது சொல்கிறது. வைக்கோலில் களைக்கொல்லி மிச்சம் இருந்திருந்தால் பீன்ஸ் இலைதான் முதலில் சுருண்டு முறுக்கியிருக்கும்.

செடியைப் பிடுங்காதீர்கள். மரத்தூளைத் தோண்டி எடுக்கவும் வேண்டாம், வேர் அறுபடும். பிண்ணாக்கை 2 நாள் ஊறவைத்து, தெளிவைப் 10 மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை வேரடியில் ஊற்றுங்கள். இலையில் வேண்டாம். வைக்கோலை விலக்கி, நன்றாக மக்கிய உரம் 2 செ.மீ. போட்டுத் திரும்ப மூடுங்கள். மஞ்சளான இலை இனிப் பச்சையாகாது, புது இலையை மட்டும் கவனியுங்கள்.

கத்தரிப்பூ:
அப்படியானால் வைக்கோலும் தழைச்சத்தைத் திருடாதா? எடுத்துவிடலாமா?

மண்புழு:
வேண்டாம், இருக்கட்டும். மேலே கிடக்கிற வரை அது மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில்தான் அந்தப் போட்டி நடக்கும். வேர் அதற்குக் கீழே இருக்கிறது. மரத்தூளையும் மேலே தூவியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. கலப்பதுதான் தப்பு.

ஈரக்கை:
சரி, வைக்கோல் தண்டைத் தொடுகிறதா? அதையும் பாருங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடவேண்டும்.

கத்தரிப்பூ:
தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு கத்தரியின் தூர் பழுப்பாகி, நகத்தால் கீறினால் தோல் வழன்று வருகிறது. தரைமட்டத்தில் அரிந்து வேரை மண்ணிலேயே விட்டுவிடவா?

ஈரக்கை:
நல்ல செடி என்றால் அப்படித்தான் செய்யவேண்டும், வேர் மக்கி மண்ணில் காற்றுக்கு வழி விடும். இது தூரழுகல் மாதிரி தெரிகிறது. வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தண்ணீரையும் தினமும் விடாமல், விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கத்தரிப்பூ (18 நாள் கழித்து):
மூன்று முறை பிண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன். தக்காளியில் புது இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, நல்ல பச்சையாக வந்துவிட்டன. முதல் பூங்கொத்தும் வந்திருக்கிறது. கத்தரி இன்னும் மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் இலை உதிர்வது நின்றுவிட்டது. ஆசையில் ஒரு பீன்ஸ் செடியைத் தோண்டிப் பார்த்தேன். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு! மீதிச் செடிகளைக் காய்ப்பு முடிந்ததும் அரிந்து, வேரை அப்படியே விடப்போகிறேன். அந்த இடத்தில் அடுத்து கீரை போடலாமா?

மண்புழு:
தாராளமாக. சிவப்பு என்றால் முடிச்சு வேலை செய்கிறது. விதை சின்னது, அதனால் அந்த வரிசையில் மட்டும் வைக்கோலை ஒதுக்கி விதையுங்கள். கீரை விரல் உயரம் வந்தபிறகு பக்கத்தில் திரும்ப இழுத்து விடுங்கள்.