ஆனைமங்கலம் போகிறேன்: விகாரையில் என்ன மிஞ்சியிருக்கிறது?

கேள்வி (மாட்டுங்கா, மும்பை):
ஆனைமங்கலம் என் அப்பாயி பிறந்த ஊர். மும்பையிலேயே வளர்ந்த மகளைப் பொங்கலுக்கு அழைத்துப் போகிறேன். சூடாமணி விகாரை என்ற பழைய பௌத்த மடத்தின் தடம் அங்கே இருக்கிறதா?

பதில் (தாராவி):
விகாரை நின்றது நாகப்பட்டினத்தில், அண்ணா. சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் கட்டியது. முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்குக் கொடுத்தார். நாகப்பட்டினத்துப் பௌத்தத்தின் கடைசிச் செங்கல் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற கோபுரம்! நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

பதில் (செம்பூர்):
போகும் வழியில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகளைக் காட்டுங்கள். கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனவை. பெண் யானையை நடத்தி ஊர் எல்லை வகுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. அந்த வயல் வரப்பில் மகளை நடக்கவிடுங்கள்.